கக்கூஸ் மூலையில் மின்னிய சிவப்பு விளக்கு

மண்ணுக்குள் படுத்துக்கொண்டும் என்னைப் பார்த்துச் சிரிக்கிற என் உயிர் மச்சான் சவரிமுத்துவுக்கு,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாற்பத்தேழு வயதாகியும் எனக்கு இருட்டில் தனியாகக் கக்கூஸுக்குப் போகப் பயம். உனக்குத் தெரியும், என்னைக் கட்டிக்கொண்ட உன் தங்கை லூர்துக்குத் தெரியும், இப்போது தோட்டம் முழுக்கத் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரியாது. அவர்களும் தெரிந்துகொள்ளட்டும். இந்தப் பயத்தால்தானே உன்னைக் கப்பலேற்றப் பார்த்தார்கள்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிற கடிதம் இது. பிழை கண்டால் திருத்திக்கொள், சிரிக்காதே. சரி, சிரித்துக்கொள். இத்தனை வருஷம் நான் உன்னைக் கேலி பண்ணினேனே.

நம் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்ட புதிது நினைவிருக்கிறதா? பொழுது சாய்ந்தால் கேட்டை அடைத்துவிடுவார்கள். விளக்கை அணைத்துவிட வேண்டும். கக்கூஸ் வரிசையை எந்தப் புண்ணியவானோ கம்பி ஓரத்துக் கடைசி மூலையில் கட்டி வைத்திருந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் செம்மண் ரோடு, ரோடு தாண்டினால் ரப்பர் மரம், அதற்கப்பால் யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பகலில் ரப்பர் பால் லோரி ஓட்டும்போது நான் பெரிய வீரன். கம்பி ஓரம் போகப் பயப்படுகிற ஆண்களை எல்லாம் "சேலை வாங்கித் தரட்டுமா?" என்று கேட்டவன். பொழுது சாய்ந்தால் லூர்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அந்த மூலைக்குப் போகிறவனும் நான்தான்.

ஒருநாள் லூர்து முடியாது என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் உன் இஞ்சின் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னேன். திசை தெரிகிற மாதிரி ஏதாவது ஒரு சின்ன வெளிச்சம் போதும் என்றேன். நீ சிரிக்கவில்லை. நான் உன் இடத்தில் இருந்திருந்தால் ஒரு மாசம் சிரித்திருப்பேன்.

மண்டபத்து ரேடியோவின் பழைய பேட்டரி வேண்டும் என்றாய். ரேடியோ பாடத் தெம்பில்லாத பேட்டரிக்கும் கண்சிமிட்டத் தெம்பிருக்கும் என்றாய். ஆனால் பழைய பேட்டரியைக் கணக்கெழுதுகிற கிராணி முன்னால் கோடரியால் உடைக்க வேண்டும் என்பது நம் தோட்டத்துச் சட்டம். காட்டுக்குள் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்ட்காரர்களுக்குப் போய்விடக் கூடாதே. உடைக்கிற வேலை என்னுடையது. மேல் அட்டையை மட்டும் கழற்றி, உள்ளே கல்லை அடைத்து, கிராணி கண்ணெதிரே ஓங்கி ஓங்கி உடைத்தேன். பேட்டரி லோரி சீட்டுக்கு அடியில் இருந்தது. இந்தத் திருட்டு அப்போது உனக்குத் தெரியாது. கிராணியே கொடுத்தார் என்றுதான் உன்னிடம் சொல்லியிருந்தேன்.

அந்தப் பேட்டரி, ஒரு ரெசிஸ்டர், ஒரு கண்டென்சர், விரல் நுனி அளவில் ஒரு நியான் விளக்கு. மொத்தமே நாலு சாமான். இதில் எப்படி அதுவாகவே அணைந்து அணைந்து எரியும் என்று கேட்டேன்.

"ம... மங்கு நெறையிற மாதிரிதான் மச்சான்," என்றாய். "மரத்துல கட்டுன மங்குல பால் சொட்டுச் சொட்டா விழுதுல்ல? நெறஞ்சதும் மங்கு தானா கவுந்து கொட்டுதுன்னு வச்சுக்க. கொட்டுறப்ப வெ... வெளக்கு எரியும். மறுபடி காலி, மறுபடி நெறையும்."

"யாரு மச்சான் கவுக்கிறது?"

"யாரும் இல்ல. அ... அதுதான் அதோட அழகு."

எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடி, பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டுத் தந்தாய். மூடினால் கொஞ்சம் திக்கும், கும்மிருட்டில் அந்த விளக்குக்குப் பற்றிக்கொள்ளச் சோம்பல் என்றும் சொன்னாய். "செஞ்சவன் திக்குவாயன், வெளக்கு மட்டும் சரளமாப் பேசுமா?" என்று கேட்டுவிட்டு டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அதைக் கக்கூஸ் மூலையில் ஒரு ஆணியில் மாட்டிவிட்டுப் பத்து நாள் ராஜா மாதிரி போய்வந்தேன். பதினொன்றாம் நாள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் போலீஸ் சார்ஜன் வந்து நின்றார், கையில் அந்த டின். ரோட்டில் ரோந்து போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். கம்பி ஓரத்தில் சிவப்பு விளக்கு, ஒருதரம் சீக்கிரம், ஒருதரம் தாமதம், அப்புறம் விட்டு விட்டு. காட்டுக்காரர்களுக்கு யாரோ சேதி அனுப்புகிறான் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்கள்?

"யாரு செஞ்சது இது?" என்று கேட்டார். கெர்லிங் பக்கத்துக்காரர், நம் தமிழ் ஆள்தான். ஆனால் அந்தக் குரலில் நம் ஆள் யாரும் இல்லை.

நீ கையைத் தூக்கினாய்.

"யாருக்காகச் செஞ்ச?"

நீ என்னைப் பார்த்தாய். நான் என் செருப்பைப் பார்த்தேன். "சு... சு... சும்மா," என்றாய்.

சும்மாவாம்! உன்னை அரிசி ஸ்டோரில் போட்டுப் பூட்டினார்கள். மூன்று மணிக்குக் கோல சிலாங்கூரிலிருந்து போலீஸ் வண்டி வரும், ஏறினால் தடுப்பு முகாம், அங்கிருந்து நாகப்பட்டினம் கப்பல் என்று எங்களை வேலை வாங்குகிற மண்டோர் சொன்னார். நாகப்பட்டினத்தில் உனக்கு யாரைத் தெரியும்? நீ பிறந்ததே இங்கே பக்கத்து அசாம் ஜாவாவில்.

அன்று காலை எட்டிலிருந்து மதியம் வரை நான் என்ன செய்தேன் தெரியுமா? லோரியைக் கழுவினேன். கழுவின லோரியை மறுபடி கழுவினேன். போய்ச் சொன்னால் பேட்டரி திருடியவன் என்று என்னையும் பிடிப்பார்கள், அது ஒரு பயம். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. சேலை வாங்கித் தருகிறேன் என்று நான் கேலி பண்ணின அத்தனை பேர் முன்னாலும் கக்கூஸுக்குப் போகப் பயம் என்று எப்படிச் சொல்வேன்? ஒரு மனிதனின் உயிரைவிட இது பெரிதா என்று கேட்காதே. அன்று மதியம் வரை பெரிதாகத்தான் இருந்தது.

லூர்து வந்தாள். அழவில்லை. "ஒரு மணி ஆச்சு. எங்கண்ணன் வண்டி ஏறுனா, நீங்க அந்த வீட்டுக்குள்ள வராதீங்க," என்றாள். அவ்வளவுதான்.

ஸ்டோர் வாசலில் பாதித் தோட்டம் நின்றது. சார்ஜன் டின்னை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு அதன் மினுக்கலை எண்ணி எழுதிக்கொண்டிருந்தார். சற்றுப் பொறுத்துக் கதவைத் திறந்து தாளை நீட்டினார். "பாருங்க, ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. தானா எரியிற வெளக்குன்னா ஒரே சீரா எரியணும். இது பேசுது."

"ஐயா, அது கக்கூஸ் வெளக்குங்க," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. எல்லாவற்றையும் சொன்னேன். முந்தானை, பேட்டரி, கல், லோரி சீட்டு. சார்ஜன் அசையவில்லை. "அப்படின்னா ஏன் பேசுது?" என்றார். எனக்கு எங்கே தெரியும்?

உள்ளே நீ எழுந்து நின்றாய். "க... க... க..." என்று ஆரம்பித்தாய். சார்ஜன் முகம் இறுகிற்று. திக்குகிறவனைப் பார்த்தால் பொய் சொல்கிறவன் போலத்தானே தெரியும். உன் கழுத்து நரம்பு புடைத்தது. உன் கண் மட்டும் கதவுக்கும் டின்னுக்குமாக ஓடிற்று. அப்போதுதான் நீ இஞ்சின் அறையில் சொன்னது எனக்கு உறைத்தது.

"கதவுன்னு சொல்றான் ஐயா! கதவத் தெறந்து வச்சுப் பாருங்க! டின் மூடியையும் எடுத்திடுங்க!"

எதையும் தொட்டு ஏமாற்றாதபடி துப்பாக்கிக்காரர் ஒருவர் நம் இரண்டு பேர் கையையும் தூக்கச் சொன்னார். மூடியை எடுத்தார்கள். வெயில் டின்னுக்குள் விழுந்தது. சார்ஜன் உள்ளங்கையால் மறைத்து எட்டிப் பார்த்தார். பளிச், பளிச், பளிச். கோயில் மணி அடிக்கிற மாதிரி ஒரே சீர். மூடிக் கதவைச் சாத்தினார், திக்கிற்று. திறந்தார், சீரானது. நாலு தரம் செய்து பார்த்தார். நாலு தரமும் நம் கை மேலேயே இருந்தது.

பிறகு லூர்தைக் கூப்பிட்டார். "இந்த ஆளு சொல்றது உண்மையாம்மா?"

"உண்மைதாங்க ஐயா. நான் வெளிய நின்னு பாட்டுப் பாடணும். இல்லன்னா உள்ள இருக்க மாட்டாரு."

அப்போதுதான் சார்ஜன் வாய்விட்டுச் சிரித்தார். தோட்டமே சிரித்தது. மூன்று மணிக்கு வந்த வண்டி காலியாகத் திரும்பிப் போனது. கோடரியை என்னிடமே கொடுத்தார்கள். இந்த முறை கல் இல்லாமல் உடைத்தேன்.

இதை மட்டும் உன்னிடம் கேட்காமலே விட்டுவிட்டேன் மச்சான். யாருக்காக என்று சார்ஜன் கேட்டபோது என் பெயரை நீ ஏன் சொல்லவில்லை? வாய் வரவில்லையா, மனசு வரவில்லையா? நெஞ்சு வலி உன்னைக் கொண்டுபோகும்வரை தினமும் உன் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டேனே, கேட்டிருக்கலாம். பதிலுக்குப் பயம். அது வேறு வகை இருட்டு.

இங்கே செய்தி நிறைய. நம் பக்கத்தை வெள்ளைப் பகுதி, அதாவது காட்டுக்காரர்கள் தொல்லை இல்லாத இடம், என்று அறிவித்துவிட்டார்கள். கம்பியைப் பிரித்துச் சுருட்டிவிட்டார்கள், மாடுகள்தான் இன்னும் அந்த இடத்தில் நின்று யோசிக்கின்றன. பழைய பேட்டரியை உடைக்க வேண்டியதில்லை. கிராணியைக் கேட்டே ஒன்று வாங்கினேன், சத்தியமாக. நீ செய்த மாதிரியே நாலு சாமானையும் பற்றவைத்தேன். இரண்டு தரம் ஷாக் அடித்து உதறித் தள்ளியது. மூன்றாம் தரம் கண்சிமிட்டியது. லூர்து பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள், வெகுநேரம் வெளியே வரவில்லை.

இந்தக் கல்லறைத் திருநாளுக்கு அதை உன் தலைமாட்டில் வைப்பேன். பக்கத்திலேயே ஒரு மெழுகுவத்தியும் ஏற்றுவேன், விளக்கு திக்காமல் எரிய. மழையில் மெழுகுவத்தி அணைந்தால் மறுபடி ஏற்றுவேன். பேட்டரி தீரும்வரை ஒவ்வொரு சாயங்காலமும் வருவேன், தனியாக. இது என் வாக்கு.

ஒத்திகை பார்க்க நேற்று அதைக் கக்கூஸ் மூலையில் பழைய ஆணியிலேயே மாட்டினேன். சாயங்காலம் அதையே பார்த்தபடி துணையில்லாமல் நடந்து போய்ச் சாக்கடைக்குள் விழுந்தேன். இடுப்பளவு தண்ணீர். விளக்கு நன்றாக எரிந்தது.

உன் தங்கையைக் கட்டிய, உன் பெயரால் உயிரோடிருக்கிற மச்சான்,
பாக்கியநாதன்