துவையலாகிப்போன வல்லாரை

12.3.83 சனி
வெயில் தொடங்கிவிட்டது. ஸ்வெட்டர்கள் பெட்டிக்குள்.
இன்று அரசாங்க ஆராய்ச்சியை இட்லிக்குத் தொட்டுக்கொண்டு தின்றேன். ஐந்து இட்லி. "துவையல் பிரமாதம்" என்று பாராட்டு வேறு.

விவரம்: எங்கள் ஆஸ்பத்திரி லேபில் டாக்டர் மேடம், எலி முதுகில் ஒரு பட்டைத் தோலை மூன்று பக்கம் வெட்டித் தூக்கி, திரும்ப அங்கேயே தைப்பார். ஒரு வாரத்தில் நுனி கறுத்துச் செத்துப்போகும். பச்சிலைச் சாறு கொடுத்தால் பிழைக்குமா? இதுதான் கேள்வி. ஹரித்வாரிலிருந்து வந்த இலையில் பாதி சாறாகி, பாட்டிலுக்குள் போயாயிற்று. மீதியை வைக்க லேப் பிரிஜ்ஜில் இடமில்லை. "எங்கள் வீட்டில் இருக்கிறதே" என்றது யார்? ஸ்டோர் கிளார்க் சண்முகம், அடியேன். பிரிஜ் வாங்கிய பெருமை.
வீட்டுக்காரி விசாலத்திடம் சொல்ல மறந்தேன். பையைத் திறந்திருக்கிறாள். "அட, வல்லாரை!" மிக்ஸியில் போட்டுவிட்டாள்.

13 ஞாயிறு
ஐ.என்.ஏ. மார்க்கெட். வாங்கியது: முருங்கைக்காய், அப்பளம், பாவம்.
பையில் ஒட்டிய சீட்டில் இந்தியில் 'பிராமி' என்றிருந்தது. அதையே கேட்டேன். "அஸ்லி பிராமி, பாபுஜி" என்று, அசல் சரக்கென்று சத்தியம் பண்ணி, ஒரு கட்டு நீட்டினான் கீரைக்காரன். இலை குட்டையாய், தடியாய். தில்லிக்கு வந்து நானே தடித்துவிட்டேன், இலை தடிக்காதா என்று தேற்றிக்கொண்டேன். லேபில் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று வீட்டிலேயே அரைத்தாயிற்று.

14 திங்கள்
"வாடிவிடும் என்று அரைத்தே கொண்டுவந்தேன்" என்றேன். லேப் உதவியாளர் ராம்தீன் நெகிழ்ந்து போனான். வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி, அரக்கு வைத்தான். என் கையெழுத்து அழகாம். லேபிள் நான்தான்: 'பிராமி - 2'. எட்டு எலிகளுக்கு ஆபரேஷன். இன்றிலிருந்து தினம் சாறு. முதல் பாட்டில் இரண்டு நாளுக்குமேல் வராது; அப்புறம் என்னுடையதுதான்.
மாலை, மிச்சக் கீரையைப் பார்த்தாள் விசாலம்.
"இது நீர்ப்பிரம்மியில்லா? வல்லாரைன்னா இலை வட்டமா இருக்கும்."
"பிராமின்னுதானே எழுதியிருந்தது?"
"இங்க ரெண்டையும் அப்படித்தான் சொல்லுதான். இந்த பிளாக்குல நாலு சண்முகம் இருக்கான். நாலு பேருக்குமா நான் சோறு போடுதேன்?"
நல்ல துணுக்கு. பத்திரிகைக்கு அனுப்ப முடியாது.

17 வியாழன்
டைப்பிஸ்டுக்குப் புது லிப்ஸ்டிக். அக்கவுன்ட்ஸ்காரருக்குப் புது சீப்பு. கவனிக்க வேண்டும்.
வார்டில் ஒரு பெண், காலில் பஸ் சக்கரம் ஏறியது. தைத்த தோலின் நுனி கறுத்து மறுபடி வெட்டினார்கள். அன்றிலிருந்துதான் மேடத்துக்கு இந்த இலைப் பைத்தியம். இன்று அவளைத் தள்ளுநாற்காலியில் பார்த்தேன். நமஸ்தே சொன்னாள். எனக்கு!
பல் தேய்க்கும்போதெல்லாம் துவையல் வாசனை.

21 திங்கள்
எட்டும் கறுப்பு. ஒப்பிட்டுப் பார்க்கச் சாறு கொடுக்காமல் வைத்த எலிகளுக்கும் இதே கறுப்புதான். புரொபசர் பார்த்தார். "பஸ். பந்த் கரோ." போதும், மூட்டை கட்டு என்று அர்த்தம்.
மேடம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் துடைக்க ஒன்றுமில்லை.
ராத்திரி இரண்டே இட்லி.

22 செவ்வாய்
சொல்லிவிட்டேன். துவையல், ஐந்து இட்லி, நீர்ப்பிரம்மி, எல்லாம். வேலை போகும் என்று நினைத்தேன். மேடம் எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.
"அப்படியானால் இலை தோற்கவில்லை, சண்முகம்ஜி!"
புரொபசரோடு சண்டை. வென்றுவிட்டார். ஹரித்வாருக்குத் தந்தி. புதிதாக எட்டு எலி. வார்டுக்கு ஓடி அந்தப் பெண்ணிடமும் சொல்லிவிட்டாராம். அழுதாளாம்.
வீட்டில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். வி.: "எலி வாயில மண்ணைப் போட்டுட்டு, பேச்சப் பாரு."
இருந்தாலும் ஏழு இட்லி.

23 புதன்
காற்று, தூசி. புது இலைக்கு இடம் பண்ண லேப் பிரிஜ்ஜைக் காலி செய்தேன். பின்வரிசையில் 'பிராமி - 2'. கழுத்து வரை நிறைந்திருக்கிறது. அரக்கு உடையவில்லை.
ராம்தீனைக் கேட்டேன்.
"எட்டுக்கும் ஹரித்வார் இலையின் முதல் பாட்டிலே கடைசி வரை போதுமாயிருந்தது, பாபுஜி. இதைத் தொடவேயில்லை."