தொட்டிக்கு எந்த விளக்கு

ஜூன் 9, 2024, ஞாயிறு

மீன் தொட்டி வந்து ஒரு மாதம். மகள் யாழினி கல்யாணமாகிப் போனபின் வீடு வெறிச்சென்று இருக்கிறதென்று வாங்கினேன். மூன்றடித் தொட்டி. எட்டு நியான் மீன். நாடா போல நீளும் செடி, கல்லில் கட்டிய ஜாவா மாஸ் என்கிற குட்டைச் செடி. செடி வளர விளக்கு வேண்டுமாம். நாமக்கல் கடைக்காரர் தர்ஷன் பத்து வாட் எல்.இ.டி. கொடுத்து, தினம் ஆறு மணி நேரம் போதும் என்றார்.

ஆறு மணி நேரமா? முட்டைக்கோழிக்கே பதினாறு மணி நேரம் கொடுக்கிறோம். இருபத்தெட்டு வருடமாக மோகனூர் ரோட்டுப் பண்ணையில் சூப்பர்வைசராக இருக்கிறவனுக்கு இவர் விளக்குப் பாடம் எடுக்கிறார். பதினாறு வைத்தேன்.

ஜூன் 14

பண்ணையில் வெளிச்சம் அளக்க நான் மீட்டர் வைத்துக்கொண்டதில்லை. தீனித் தொட்டிக்குப் பக்கத்தில் பேப்பரைப் பிடிப்பேன். பொடி எழுத்தைப் படிக்க முடிந்தால் கோழிக்குப் போதும், முடியாவிட்டால் பல்பை மாற்று. மீன் தொட்டிக்கும் இன்று அப்படியே பார்த்தேன். தலைப்பு மட்டும்தான் தெரிந்தது. பத்து வாட் எந்த மூலைக்கு?

ஜூன் 15

இருபது வாட் மாட்டினேன்.

ஜூன் 24

இன்னும் போதவில்லை. இன்று முப்பத்தாறு வாட். மைதிலி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். “ஏனுங்க, கண்ணு கூசுதுங்க. லாரி லைட்டாட்ட இருக்குது.” எல்லாவற்றையும் பெரிதுபடுத்துவது அவள் சுபாவம்.

இலையெல்லாம் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. செடி கொழிக்கிறதென்று நினைத்தேன். பாசியாம், அவள்தான் சொன்னாள். பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன், இலையே கையோடு வந்துவிட்டது.

ஜூலை 2

பண்ணையில் மூன்றாம் ஷெட்டிலும் அதே கதை. சாயங்காலம் பேப்பர் பிடித்தேன், ஒரு எழுத்தும் ஓடவில்லை. ஷெட் முழுக்கப் பெரிய பல்பாக மாற்றச் சொன்னேன். முதலாளி மகன் கதிர்வேலிடம் கேட்கவில்லை. பல்ப் மாற்றுவதற்கெல்லாமா கேட்க வேண்டும்?

ஜூலை 11

மூன்றாம் ஷெட்டில் பதினேழு கோழி செத்துக் கிடந்தது. ஒன்றையொன்று கொத்திக் கொன்றிருக்கின்றன. வெளிச்சம் அதிகமானால் கோழி கொத்தும். இதைப் பத்துப் பேருக்காவது நானே சொல்லிக்கொடுத்திருப்பேன்.

கதிர்வேல் சாயங்காலம் வந்து பார்த்தார். “அப்புசாமிண்ணா, ஷெட்டு கல்யாண மண்டபமாட்ட இருக்குதுங்க.” பேப்பர் வைத்துப் பார்த்துத்தான் மாற்றினேன் என்றேன். பேப்பரை வாங்கி, பல்பைப் பாதி அணைக்கச் சொல்லிவிட்டு, நின்றபடியே ஏதோ ஏல அறிவிப்பை மளமளவென்று படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். “நீங்க படிங்கண்ணா.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மாட்டினேன். மறுபடி துடைத்தேன். வேலையாட்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். அச்சு சரியில்லை என்று சொன்னேன். என் வாயிலிருந்து அது வந்தபோது செத்துவிடலாம் போல இருந்தது.

ஜூலை 18

சேலம், கண் ஆஸ்பத்திரி. கண்ணில் அழுத்தமாம், கிளாக்கோமாவாம். நரம்பு பெரும்பாலும் போய்விட்டது. “போன பார்வை திரும்பாதுங்க. சொட்டு மருந்து விட்டா மிச்சத்தக் காப்பாத்தலாம்” என்றார் டாக்டர். அறுவை சிகிச்சை செய்தாலும் போனது போனதுதானாம்.

எனக்குத் தெரியாதா? இரண்டு வருடமாக இடது பக்கம் நிலைக்கதவில் இடித்துக்கொள்கிறேன். வண்டியைச் சாயங்காலம் எடுப்பதே இல்லை. தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் பல்பு பல்பா மாத்திட்டு இருந்தேன் – எதுக்கு? யாரை ஏமாத்த?

பஸ்ஸில் மைதிலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலீங்களே.” ராசிபுரம் தாண்டும்வரை இதையே சொன்னாள்.

ஜூலை 29

“கொஞ்ச நாளு ஊட்டுல இருங்கண்ணா, நானே கூப்புடறேன்” என்றார் கதிர்வேல். மரியாதையாகத்தான் சொன்னார். அவர் மேல் தப்பில்லை.

ஆகஸ்ட் 18

தொட்டி நாற ஆரம்பித்ததும் மைதிலியே பெரிய விளக்கைக் கழற்றிப் பையில் போட்டாள். என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். தர்ஷன் இரண்டு சின்ன விளக்கை எரியவிட்டுக் காட்டினார். ஒன்று வெள்ளை, ஒன்று லேசான மஞ்சளாம். “எது புடிக்குதுங்க?” என்று என்னைக் கேட்டார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

“அவளுக்குப் புடிச்சதக் குடுங்க” என்றேன். மஞ்சளை எடுத்தாள். தினம் ஆறு மணி நேரம்.

செப்டம்பர் 5

கதிர்வேல் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 22

கூப்பிட மாட்டார். புது சூப்பர்வைசர் வந்தாயிற்றாம்.

அக்டோபர் 27, ஞாயிறு

எழுத்து கோடு தாண்டுகிறதென்று நினைக்கிறேன். பெரிதாக எழுதுகிறேன்.

பாசி போய்ச் செடி துளிர்த்திருக்கிறதாம். பார்க்கிறவர்களெல்லாம் அழகு என்கிறார்களாம். காலையில் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மைதிலி பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக அவளிடம் நல்லதாக ஒன்றும் பேசவில்லை, இன்றாவது பேசலாமென்று இருந்தது.

“இப்பத்தான் வெளிச்சம் சரியா இருக்குது. செடியெல்லாம் பளிச்சுனு தெரியுது” என்றேன்.

துணி மடிக்கிற சத்தம் நின்றது. “ஆமாங்க” என்றாள்.

பிறகு மெதுவாக எழுந்து வந்து ஸ்விட்சைப் போட்டாள். அதுவரை விளக்கே எரியவில்லை. உள்ளே போய்க் காபி கலந்து வந்து, டம்ளரை என் கையில் பிடிக்கவைத்துவிட்டுப் போனாள்.