ரூத் சொல்லாத பொய்

14 மார்ச் 2006, செவ்வாய். ஷார்ஜா.

இன்று காலை அலுவலகத்துக்கு விசா அதிகாரிகள் சோதனைக்கு வந்துவிட்டார்கள். எங்களுக்கு டீ போடும் செல்வத்துக்கு விசா முடிந்து எட்டு மாதம் ஆகிறது. வண்டி வாசலில் நின்றதுமே நானும் ரூத்தும் அவனை ஸ்டோர் ரூமுக்குள் அனுப்பினோம். வெளியே பூட்டியவள் ரூத்தான்.

ரூத் இங்கிலாந்துக்காரி, குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவள். எல்லோரும் சமம் என்பாள். செல்வத்தோடு உட்கார்ந்துதான் மதியம் சாப்பிடுவாள். மேடம் வேண்டாம், பெயர் சொல்லு என்றாள். அவன் கூச்சப்பட்டு, "ரூத்தக்கா" என்று ஆக்கிக்கொண்டான். பொய் சொல்வது மட்டும் அந்தச் சபைக்காரர்களுக்கு ஆகவே ஆகாது.

"வேறு ஆள் யாராவது உண்டா?" என்று அதிகாரி கேட்டார். யோசிக்காமல் "மாஃபி", யாரும் இல்லை என்று அரபியில் சொன்னேன். அவர் ரூத்தைப் பார்த்தார்.

"அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லமாட்டேன்" என்றாள்.

அவர் கண் ஸ்டோர் ரூம் பூட்டுக்குப் போனது. சாவியைக் கேட்டார்.

செல்வம் வெளியே வந்து என்னிடம், "அக்கா, அடுப்புல பால் இருக்கு, பாத்துக்கங்க" என்றான். கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

சாயங்காலம் ரூத் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "நான் பொய் சொல்லியிருக்க வேண்டுமா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அதுவும் பொய்தான். அவள்மேல் கோபம் வரும் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

நாளை பரமக்குடிக்குப் போன் போட்டு அவன் மனைவியிடம் சொல்ல வேண்டும். யார் காட்டிக்கொடுத்தது என்றுதான் முதலில் கேட்பாள். யாரும் இல்லை என்று சொல்வேன். அது பொய்யா என்று ரூத்தைத்தான் கேட்க வேண்டும்.