லேப்டாப்பிலிருந்து முதலில் எடுத்தது

திட்டுவதில் குறை வைக்காத அம்மாவுக்கு வணக்கம். நான் நலம், லேப்டாப்தான் படுத்துவிட்டது. உன் முட்டிவலி தேவலையா?

லேப்டாப் உள்ளே ‘டிக் டிக்’ என்று சத்தம். ரிப்பேர் கடை அண்ணன் காதை வைத்துக் கேட்டார்.

“ஹார்ட் டிஸ்க்தான்னு சந்தேகம் தம்பி. கைவைக்கிறதுக்கு முன்னாடி முக்கியமானத காப்பி பண்ணிக்கோ. எப்ப வேணா நின்னுடும்.”

நாளை கொடுக்கவேண்டிய ப்ராஜெக்டை விட்டுவிட்டு, நீ போனில் திட்டும்போதெல்லாம் நான் பதிவு செய்த உன் குரலை எடுத்தேன்.

“இதாடா முக்கியம்?”

“என் அலாரம்ணே.”

அது பென் டிரைவில் ஏறியதும் டிஸ்க் நின்றுவிட்டது. இப்போது கேபிளை மாற்றிப் பார்க்கிறார். உட்கார முடியாமல், நின்றபடியே எழுதுகிறேன். அப்பாவிடம் மூச்சு விடாதே.

புதிதாக நாலு திட்டு பேசி அனுப்பு. பழையதற்கு இப்போது எழுந்திருப்பதே இல்லை; படுத்தபடியே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் கூப்பிடுகிறார்!

உன் வாலு