சட்டையைக் கிழித்தது யார்

ஜூலை 6

அன்புள்ள வாலு,

உன் அம்மா கூப்பிடும் பெயரிலேயே நானும் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. எங்கள் வகுப்பு உங்கள் பண்ணைக்கு வந்துபோன அந்த ஒரு நாளை நான் இன்னும் அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன், உங்கள் பசு மாதிரி. வேலியைத் தாண்டி நீ கூட்டிப்போன ஓடை, தண்ணீரில் கால் வைத்ததும் விரலைக் கொத்திய மீன்குஞ்சுகள், புல்லில் மல்லாந்து படுத்து மேகங்களுக்கு நாம் வைத்த பெயர்கள். பசுமை, பசுமை என்று எத்தனையோ தடவை புத்தகத்தில் படித்திருக்கிறேன். அதற்கு ஒரு வாசனை உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நான் மட்டும் எழுதிக்கொண்டே வந்தேன். "அகராதி, கண்ணு கெட்டுடும்டி" என்று பக்கத்திலிருந்தவள் திட்டினாள். எழுதியது பள்ளி இதழில் வந்து, முதல் பரிசும் வாங்கிவிட்டது. ஆண்டு விழா மேடையில் நானே வாசிக்க வேண்டுமாம். இதழை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் அம்மாவைப் பற்றிய பத்தியைத்தான் தமிழாசிரியை மிகவும் பாராட்டினார். அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு. அவர் என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல் எழுது.

உன் அன்புத் தோழி,
அகராதி


ஜூலை 15

அன்புள்ள அகராதி,

நீ சொன்னபடியே சத்தமாக வாசித்தேன். ஓடை வரும் இடத்தில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நம்ம ஓடையா இது? இவ்வளவு நல்லாவா இருக்கு?" என்றார். அடுத்த பத்தியில் அவரே வந்தார். 'வறுமை கிழித்த சட்டையிலும் வாடாத புன்னகையோடு வாசலில் நின்றாள் அந்த எளிய தாய்.' நான் வேகமாக வாசித்துத் தாண்டப் பார்த்தேன். திருப்பிப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"அது வறுமை கிழிக்கல. கன்னுக்குட்டி கிழிச்சது" என்றார். அவ்வளவுதான், எழுந்து போய்விட்டார்.

உண்மையும் அதுதான். அது மாட்டுக்கொட்டகையில் போட்டுக்கொள்கிற அப்பாவின் பழைய சட்டை. நீங்கள் வருகிறீர்கள் என்று அம்மா நல்ல உடுப்பைத் தேய்த்துக் கட்டில்மேல் எடுத்து வைத்திருந்தார். அன்று காலை கன்று சட்டைக் கையைக் கடித்து இழுத்துவிட்டது. மாற்றிக்கொள்ள உள்ளே போவதற்குள் உங்கள் பஸ் வந்து நின்றுவிட்டது.

அப்பா அவரைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறார். கன்றுக்கு வறுமை என்றே பெயர் வைத்துவிட்டார். "வறுமை கயித்தை அத்துக்கிட்டு ஓடுது, பிடிங்க" என்று ஊருக்கே கேட்கும்படி கத்துகிறார். வறுமைக்குத் தீனி போட்டு மாளவில்லை என்று அலுத்துக்கொள்கிறார். நான் சிரிக்கிறேன். அம்மா சிரிப்பதில்லை. இப்போது பால் கறக்கப் போகும்போதும் அந்த நல்ல உடுப்பைத்தான் போடுகிறார். யாராவது பார்த்து எழுதிவிடுவார்களாம்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். கொஞ்சம் இருக்கிறது.

வாலு


ஆகஸ்ட் 2

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் காதுவரை சுட்டது. அந்த வரி உன் அம்மாவைப் பார்த்து வந்ததல்ல. உங்கள் பண்ணைக்கு வரும் வழியிலேயே, பஸ்ஸில் யோசித்து வைத்தது. அதை மாட்டிவிட ஓர் ஆள்தான் தேவைப்பட்டது. கிழிந்த சட்டைக் கையைக் கண்டதும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், வாலு. எப்படிக் கிழிந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வரி வீணாகிவிடும் என்று பயந்தேனோ என்னவோ.

அதை எடுத்துவிடலாமா என்று தமிழாசிரியையிடம் கேட்டேன். "அந்த வரிக்குத்தாம்மா பரிசே" என்றார். மேடையில் அந்த இடம் வந்தபோது, 'அன்று காலை கன்றுக்குட்டி கிழித்த சட்டையோடு, உடுப்பு மாற்ற நேரமில்லாத எரிச்சலை மறைத்துக்கொண்டு' என்று வாசித்தேன். அரங்கமே சிரித்தது. நான் தடுமாறிவிட்டதாக நினைத்து ஆசிரியை கண்ணை உருட்டினார். இதைத் தைரியம் என்று எண்ணிவிடாதே. அச்சில் அந்த வரி அப்படியேதான் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் என் அப்பா அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுகிறார். எனக்கு மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஓடையைப் பற்றி எழுதியது பொய் இல்லை. அதையாவது அம்மா நம்ப வேண்டும்.

பதில் எழுதப் பிடிக்காவிட்டால் நீளமாக எழுதாதே. ஒன்றே ஒன்று மட்டும் சொல். இன்று காலை அம்மா எதைப் போட்டுக்கொண்டு பால் கறக்கப் போனார்?

வெட்கத்துடன்,
அகராதி
(இந்தப் பெயரை இரண்டு அர்த்தத்திலும் சம்பாதித்துவிட்டேன்.)


ஆகஸ்ட் 11

அன்புள்ள அகராதி,

உன் கடிதம் வந்த அன்று, நல்ல உடுப்பைத்தான்.

அம்மாவுக்கு முழுவதும் வாசித்தேன். எரிச்சல் என்ற இடத்தில் மட்டும், "அது எப்படித் தெரிஞ்சுதாம் அவளுக்கு?" என்றார்.

மறுநாள் காலை கொட்டகையில் சத்தம் கேட்டு ஓடினேன். வறுமை அந்த நல்ல உடுப்பையும் ஒரு கை பார்த்துவிட்டது. ஓரத்தில் ஒரு துண்டு அதன் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு எழுதிப் போடு" என்றார். "யார் கிழிச்சதுன்னும் சேர்த்து எழுது."

எழுதிவிட்டேன்.

வாலு