திரும்பிப் பார்க்காமல் நடந்த வழி

நெய்வேலி,
11.2.2024

அன்புள்ள லட்சுமிக்கு,

நான் நலம். நீ, தமிழ்மாறன், மருமகள், பேரன் எல்லோரும் நலமா? போனில் நீ பேசுவது பாதிதான் காதில் விழுகிறது. மீதிக்கு நான் குத்துமதிப்பாக "சரி சரி" என்று சொல்ல, நீ கோபித்துக்கொள்கிறாய். அதனால் இனி கடிதம்தான்.

ஷிப்ட் இல்லாத நாளெல்லாம் நடக்கிறேன். இத்தனை வருஷம் டவுன்ஷிப்பில் குடியிருந்தும் நம் பிளாக்கையும் மார்க்கெட்டையும் விட்டால் எதைப் பார்த்தேன்? காலியாகக் கிடக்கும் குவார்ட்டர்ஸ்களில் யாரோ வைத்துவிட்டுப் போன முருங்கை தன்பாட்டுக்குக் காய்க்கிறது. பனி இன்னும் விடவில்லை. வடக்குத்து ஊர்ப் பக்கம் முந்திரி பூத்துவிட்டது. அந்த வாசனைக்கு உனக்குத் தலைவலி வருமே, அதை நினைத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு கடலூரில் வெள்ளைக்காரர் காலத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அதற்கு முன் பரங்கிப்பேட்டைக்கும் போயிருந்தேன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். ஒரு சின்னக் கல்லில் பெயரே இல்லை. ஒன்பது நாள் வயதுள்ள மகள் என்று மட்டும் இருந்தது. இருநூறு வருஷமாக அந்தக் கல் இடம் மாறாமல் நிற்கிறது லட்சுமி.

மே மாதத்தோடு வேலை முடிகிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடக்குத்தில் ஒரு ரூம் வாடகைக்குப் பார்க்கலாமென்று இருக்கிறேன். பெங்களூருக்குக் கொஞ்ச நாள் கழித்து வருகிறேன். கோபப்படாதே.

உன்,
சின்னதுரை

பெங்களூர்,
3.3.2024

அன்புள்ள மாமாவுக்கு,

கோபப்படாதே என்று எழுதிவிட்டால் கோபம் வராதா? ஊரில் ரிட்டயர் ஆகிறவர்கள் காசி, ராமேஸ்வரம் என்று போவார்கள். நீங்கள் கல்லறை கல்லறையாகப் போகிறீர்கள். கேட்டால் சிரிப்பார்கள்.

இங்கே மகனும் மருமகளும் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரோடு பேசுகிறார்கள். பேரன் தூங்கிவிட்டால் எனக்குப் பேச நாதியில்லை. இரண்டு வருஷம் பிரிந்திருந்தது போதும் மாமா. நீங்கள் பேசக்கூட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தால் போதும். சாமான் ஏற்ற தமிழ்மாறன் வண்டிகூடச் சொல்லி வைத்துவிட்டான். இந்த நேரத்தில் வடக்குத்தில் ரூம் எதற்கு? அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்?

ஒன்பது நாள் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அடுப்பில் சோறு குழைவது தெரியாமல் நின்றேன். நம்முடையதும் ஒன்பது நாள்தானே. முப்பத்திரண்டு வருஷமாக வாயைத் திறக்காதவர் இப்போது ஏன் எழுதினீர்கள்? உங்களை அங்கே பிடித்து வைத்திருப்பது என்ன? உண்மையைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆதிலட்சுமி

நெய்வேலி,
17.3.2024

அன்புள்ள லட்சுமிக்கு,

சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

அப்போது நான் கான்ட்ராக்டில் இருந்தேன், வடக்குத்தில் குடியிருந்தோம். குழந்தையைத் துணியில் சுற்றி நான்தான் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நல்ல மழை. குழியை மூடியதும் சித்தப்பா என் தோளைப் பிடித்துத் தள்ளினார். "திரும்பிப் பாக்காத நடடா. பாத்தா அது உன் பின்னாலேயே வூட்டுக்கு வந்துகினு இருக்கும்" என்றார். நான் பார்க்கவில்லை. வீடு வரைக்கும் பார்க்கவில்லை. வந்தால்தான் என்ன? நம் பிள்ளைதானே, வரட்டுமே என்று அன்றைக்கு எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

நீ படுத்த இடத்திலிருந்து "எங்க வச்சீங்க?" என்று கேட்டாய். வேப்பமரத்தடியில் என்று சொன்னேன். அது பொய் லட்சுமி. நீ நிம்மதியாக இருக்கட்டும் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். ஒரு வாரம் கழித்துப் போனேன். மழையில் மண் கரைந்து எல்லா இடமும் ஒன்றாகத் தெரிந்தது. அன்றிலிருந்து தேடுகிறேன். சித்தப்பாவும் போய்விட்டார், கேட்க ஆளில்லை. மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை எப்படி அடையாளம் வைத்தார்கள் என்று பார்க்கத்தான் கல்லறைகளுக்குப் போக ஆரம்பித்தேன். அந்த இடம் தெரியாமல் ஊரை விட்டுக் கிளம்ப என் கால் வரவில்லை.

உன்,
சின்னதுரை

பெங்களூர்,
2.4.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. முதலில் உங்களோடு இனி பேசவே கூடாது என்றுதான் இருந்தேன். பொய் சொன்னதற்காக இல்லை, இத்தனை வருஷமும் தனியாகத் தேடினீர்களே, அதற்காக.

நானும் ஒன்றை மறைத்திருக்கிறேன். பெண்கள் அங்கே போகக்கூடாது என்றுதான் எனக்கும் சொன்னார்கள். ஆனால் பெங்களூர் வரும்வரை ஐப்பசி தவறாமல், ரேஷன் கடைக்கு என்று சொல்லிவிட்டு, ஒரு தூக்கில் பால் எடுத்துக்கொண்டு போய் அந்த வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டு வருவேன். தானே புயலில் மரம் விழுந்த பிறகு அடிக்கட்டையில் ஊற்றினேன். ஒரு வருஷம் நீங்களும் அங்கே இருந்தீர்கள். தரையைப் பார்த்துக் குனிந்தபடி நடந்துகொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்தால் திட்டுவீர்களென்று முள்ளுப் புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஒரே வீட்டிலிருந்து தனித்தனியாகக் கிளம்பிப் போயிருக்கிறோம். அன்றைக்கு நான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

நான் ஊற்றிய பாலெல்லாம் யாருடைய பிள்ளைக்கோ போயிருக்கிறது என்று நினைத்து ஒரு நாள் முழுக்க அழுதேன். பிறகு, போகட்டும், அதுவும் பசியோடுதான் இருந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ரூம் பார்க்க வேண்டாம். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். இடம் தெரியப் போவதில்லை என்று எனக்கும் தெரியும். அந்தச் சுடுகாடு முழுவதையும் இரண்டு பேருமாக ஒருமுறை சுற்றி நடப்போம். பட்டப்பகலில் போவோம், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அதற்குப் பிறகு, மே மாதம் வேலை முடிந்ததும், நீங்கள் என்னோடு கிளம்பி வந்துவிட வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. அவளுக்கு நான் ஒரு பெயர் வைத்திருக்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கடிதத்தில் எழுத மனம் வரவில்லை, அங்கே நின்று சொல்கிறேன். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால்கூட மாற்ற மாட்டேன்.

உங்கள்,
ஆதிலட்சுமி