ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியவனுக்கு

நேற்று குழம்புக்கு வெங்காயம் உரித்தேன். மெல்லிய உள்தோல் ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒரு மாதம் ஆகிறது. மாலை போட வந்தவர்களில் நானும் ஒருவன், அதற்கு மேல் எனக்கு அங்கே என்ன உரிமை இருந்தது?

பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்தில் செலக்‌ஷன் பரீட்சை. அதில் தேறினால்தான் எஸ்.எஸ்.எல்.சி. எழுத விடுவார்கள். நான் தோற்றாலும் அப்பாவின் நிலம் இருந்தது. நீ தோற்றால் உன் நைனாவோடு அதே நிலத்தில் கூலிக்கு இறங்கவேண்டும். தேறினால் வாத்தியார் டிரெய்னிங். இரண்டே வழி என்று நீயே சொல்வாய்.

செல் என்றால் என்ன என்று கேட்டால் நாங்கள் புத்தகத்து வரியைக் கிளிப்பிள்ளைபோல ஒப்பிப்போம். நீ, "செங்கல்லு இல்லாம செவுரு ஏதுடா? அதான் செல்லு. ஆனா இந்தச் செங்கல்லு துன்னும், வளரும், ரெண்டாப் பிரியும்" என்பாய். எனக்கு அது புரிந்ததே உன்னால்தான்.

பள்ளிக்கு மைக்ராஸ்கோப் ஒன்றே ஒன்று. அந்த வருஷத்து மழையில் அதன் கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருந்தது. வெங்காயத் தோலில் அயோடின் சொட்டு விட்டு வைத்து, 'பார்த்து வரைக' என்று அந்தப் பரீட்சையில் கேள்வி. ஒவ்வொருவராகக் குனிந்தோம். எனக்குத் தெரிந்தது வெறும் இருட்டு. திரும்பி வந்து, மனப்பாடமான படத்தைக் கட்டம் கட்டமாகப் போட்டு, உட்கருவையும் மறக்காமல் வைத்தேன். எல்லாரும் அதையேதான் செய்தோம். நீ மட்டும், 'இருட்டாக இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை' என்று எழுதினாய்.

சயின்ஸ் சார் உன் தாளைத் தூக்கிப் பிடித்தார். "புஸ்தகத்துல கீறத போடறதுக்கு உனுக்கு இன்னாடா கேடு?"

"பாத்து வரைன்னு போட்டுக்கீது சார். பாத்தேன். ஒண்ணும் தெரில."

"அப்ப மத்தவன்லாம் பொய்யா போட்டுக்கீறான்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "உனுக்குத் தெரிஞ்சுதாடா?"

"நல்லா தெரிஞ்சுது சார்" என்றேன்.

உனக்குச் சுழி மதிப்பெண். தேறியவர்கள் பட்டியலில் உன் பெயர் வரவில்லை.

தை மாதம் எங்கள் கழனியில் நாற்று பறித்துக்கொண்டிருந்தாய். "ஏன்டா, படத்தைப் போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல?" என்று கேட்டேன். என்ன துணிச்சல் எனக்கு. நீ நிமிர்ந்து, "ஒண்ணு கேக்கலாங்களா? உங்களுக்கு அன்னிக்கு மெய்யாலுமே தெரிஞ்சுதுங்களா?" என்றாய். அதுவரை என்னை 'டா' போட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறாய். அந்த 'ங்க' என் கன்னத்தில் விழுந்தது. திரும்பி வரப்பில் நடந்துவிட்டேன். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க நீ 'டா' சொல்லவே இல்லை.

வாத்தியார் வேலை எனக்குத்தான் கிடைத்தது, அதிலும் உயிரியல். ஒரு வருஷம் வேறொரு ஊருக்குச் செய்முறைத் தேர்வு நடத்தப் போனேன். ஒரு பெண்பிள்ளை தாளில் ஒன்றுமே வரையவில்லை. "தெரியல சார்" என்றாள். நான் அவளுடைய மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தேன். இருட்டு. பக்கத்தில் அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். மற்ற முப்பது தாள்களிலும் படம் அழகாக இருந்தது.

நான் சுழி போட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.